நான்காவது அறையின் பூட்டு

பாட்டரி இல்லாத அந்தப் பூட்டு முதன்முதலாகப் பூட்டிக்கொண்டது, அதைச் செய்தவள் தன் மேலாளரிடம் "மாட்டேன்" என்று சொன்ன நொடியில். ஒரு புதன்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. மேலாளரின் அறைக்குள் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். மாலை ஐந்து மணி வரைக்கும் அந்த மூன்று பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு மூவருக்கும் முழுநாள் வேலை என்று எழுதியிருக்கிறது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

தொழிற்சாலையில் அவளை அரைகுறை என்று அழைப்பார்கள். பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவள் என்பதால் விழுந்த பெயர். யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, நல்ல எண்ணத்திலும் வைக்கவில்லை. முதலில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். கெட்டுப்போய்த் திரும்பி வரும் பூட்டுகளைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்த்து, எது எதனால் செத்தது என்று அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிப் போடுவாள். இரண்டு வருடம் அந்த அட்டைகளைத் திருட்டுத்தனமாகப் படித்துத் தங்கள் பெயரில் திருத்தம் செய்துகொண்டிருந்த வடிவமைப்புப் பிரிவினர், கடைசியில் அட்டைக்காகக் காத்திருப்பது அலுத்துப்போய் அவளையே மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அவள் செய்ய நினைத்த பூட்டு உள்ளங்கைக்குள் அடங்கும். கதவுச் சட்டத்தில் தாழ்ப்பாள் நுழையும் ஓட்டைக்குள் ஒரு தகட்டைச் செருகி, கதவைச் சாத்தி, தகட்டின் மேல் பூட்டை மாட்டினால் முடிந்தது. உள்ளேயிருந்தும் மாட்டலாம், வெளியேயிருந்தும் மாட்டலாம். ஆணி வேண்டாம், தச்சர் வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டாம். கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேறு ஊரில் வேறு கதவில் மாட்டலாம். பெருவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு காந்தம் செப்புக்கம்பிச் சுருளுக்குள் ஓடும். அந்த ஓட்டத்தில் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளி தீர்வதற்குள் பூட்டின் மூளை விழித்து, விரல் யாருடையது என்று பார்த்து, அரிசி அளவு ஊசி ஒன்றை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். மூளை விழித்தது, விரலையும் பார்த்தது. ஊசியைத் தள்ளத்தான் தெம்பு போதவில்லை. எப்படிச் சுருளைச் சுற்றினாலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தள்ளிய ஊசியை வில் பின்னால் இழுத்துவிட, பூட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாற்பத்தோரு மாதிரிகள் இப்படித் தோற்றன. பாட்டரி ஒன்றை வைத்துத் தொலைத்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். அதைத்தான் அவள் செய்யமாட்டேன் என்றாள். அதற்குக் காரணம் அவளுடைய அக்கா.

அக்கா, பெரியவள், பொய்ப்பற்கள் செய்கிறவள். பல் மருத்துவமனையின் பின்கட்டில் உட்கார்ந்து, ஊராரின் ஈறுகளைச் சுண்ணச்சாந்தில் வார்த்து, அவற்றின் மேல் பல் வரிசைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். புருஷனை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். அவனோடு இருந்த ஆறு வருடத்தில், தான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் கரண்டிகளை எண்ணுவான், அவள் கைப்பையைக் கொட்டி அடுக்குவான், எந்தப் பாத்திரம் எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று அமைதியாகக் கேட்பான். அவள் ஓடி வந்து வாடகைக்கு எடுத்த முதல் அறையின் சாவியை வீட்டுக்காரர் அவனிடம் கொடுத்துவிட்டார். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற மனிதனிடம் எப்படி இல்லை என்பது? இரண்டாம் அறையிலும் அதே கதை. மூன்றாம் அறைக்குத் தங்கை தன் தொழிற்சாலையின் பாட்டரிப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். பாட்டரி தீர்ந்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும், தீ விபத்து ஏற்பட்டால் ஆள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலை வைத்திருந்த விதி அது. கரண்ட் போனால் எந்தக் கதவும் திறக்கும் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாதா? படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்பது மாதம் பொறுத்திருந்தான். பாட்டரி தீர்ந்த அன்று உள்ளே போய், பல் பட்டறையிலிருந்து அவள் வருவதற்குள் கரண்டிகளை எண்ணி முடித்திருந்தான்.

நான்காவது அறைக்குப் பெட்டியை ஏற்றியபோது பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதான்டி கடைசி. இந்த ரூமுக்குள்ளயும் வந்துட்டார்னா நான் அவரோடயே போயிடறேன். எனக்கு இனிமே பெட்டி தூக்க முடியாது."

"உளறாதே."

"உளறல் இல்ல. கணக்கு. எனக்கு இடுப்பு வலி."

அந்தப் புதன்கிழமை மேலாளரின் அறைக்கு அவள் கொண்டுபோனது நாற்பத்திரண்டாவது மாதிரி. காட்டுவதற்கு வசதியாக அவருடைய கதவிலேயே உள்பக்கமாக மாட்டினாள், தன் விரலைப் பதிந்தாள். பூட்டு வழக்கம்போலப் பிளந்துகொண்டு நின்றது. கூட வந்திருந்தவர் சோதனைப் பிரிவின் பத்தாயிரம். ஒரு பூட்டைப் பத்தாயிரம் தடவை திறந்து பார்த்த பிறகே முத்திரை குத்துவார் என்பதால் அப்படி ஒரு பெயர். ஐம்பது வயதிருக்கும், வலது பெருவிரல் இடதைவிடத் தட்டையானது.

"பூட்டறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் மேலாளர். "மொதல்ல இதுக்கு ஒரு எண் வை. எட்டு இலக்கம். கம்பெனிக்கு மட்டும் தெரிஞ்ச எண்."

"கம்பெனின்னா யாரு சார்?"

"கம்பெனின்னா கம்பெனிதான். நான், சர்வீஸ் ஆளுங்க. நாளைக்கே வாங்கினவங்களோட வீட்டுக்காரர் வந்து, திறக்க முடியலைன்னு நிக்கிறார்னு வை..."

"அவருக்குக் குடுத்துடுவீங்களா?"

"புருஷன்னு அத்தாட்சி காட்டினா குடுக்கறதுதானேம்மா மொறை?"

"மாட்டேன்," என்றாள் அவள். "வைக்க மாட்டேன்."

கதவில் யாரோ விரலைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். பத்தாயிரம் எழுந்து போய்க் கதவை இழுத்தார். காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு திரும்பி, "சார், பூட்டிக்கிச்சு," என்று, யாரோ செத்த செய்தியைச் சொல்லும் குரலில் சொன்னார்.

வெளியே கூட்டம் சேர்ந்தது. துளைக்கும் கருவி கொண்டுவந்தார்கள், மூன்று முனைகள் மழுங்கின. மேலாளர் முதல் ஒரு மணி நேரம் மிரட்டினார், இரண்டாவது மணி நேரத்தில் அவளுடைய படிப்பைப் பற்றிப் பேசினார், மூன்றாவதில் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவளும் திறக்கத்தான் முயன்றாள். விரலை வைத்து வைத்து எடுத்தாள், ஆனால் மனதுக்குள் அந்த மாட்டேன் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேலாளர் பூச்சாடியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனதை மற்ற இருவரும் பார்க்கவில்லை என்று பிற்பாடு சாட்சி சொன்னார்கள். ஐந்து மணிக்கு அவர் ஒரு தாளை இழுத்து, எண் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் படித்துப் பார்த்து மடித்தாள். பூட்டு திறந்துகொண்டது.

மறுநாளே சோதனை ஆரம்பித்தது. பத்தாயிரம் தன் விரலைப் பதிந்துகொண்டு, பூட்டைச் சோதனைச் சட்டத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அது பூட்டவே இல்லை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் பூட்டவில்லை. பிரிவில் இருந்த பதினான்கு பேரும் ஆளுக்கொரு விரலைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அவள்மேல் உள்ளூர ஒரு பிரியம் இருந்தது. எப்படியாவது இது தேறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் விரலை வைத்தார்கள். அதுவே அதன் குரல்வளையை நெரித்தது என்று அவளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் உறைத்தது.

"அண்ணே, நீங்க எதுக்காகப் பூட்டறீங்க?"

"இது என்ன கேள்வி? திறக்கறதுக்குத்தான்."

"திறக்கவே கூடாதுன்னு நெனச்சு ஒரு தடவை பூட்டுங்களேன்."

பத்தாயிரம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டினா கணக்குல வராதும்மா. திறந்தாத்தான் ஒண்ணு. முப்பது வருஷமா அப்படித்தான் எண்ணறோம்."

உண்மைதான். அந்தத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து ஒரு பூட்டு எத்தனை முறை திறக்கிறது என்றுதான் சோதித்திருக்கிறார்கள். திறக்க மறுக்கிறதா என்று ஒருத்தரும் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படி ஒரு கட்டம் அவர்களுடைய படிவத்திலேயே கிடையாது. பத்தாயிரம் நல்ல மனிதர், அவள் கேட்டுக்கொண்டபடி கண்ணை மூடிக்கொண்டு, திறக்கக் கூடாது, திறக்கக் கூடாது என்று முணுமுணுத்தும் பார்த்தார். அவருக்குக் காக்க வேண்டியது எதுவும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இல்லை, சுவர்தான் இருந்தது. ஊசி ஒரு மயிரிழை நகர்ந்து திரும்பிவிட்டது. படிவத்தில் தகுதியற்றது என்று எழுதினார், எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேலாளருக்கு அந்தப் படிவம் கையில் கிடைத்ததும் பூச்சாடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாட்டரியும் எண்ணும் வைத்தால் இரு, இல்லையென்றால் கிளம்பு என்று சொல்லி அனுப்பினார். அவள் கிளம்பினாள். வாசலில் காவலாளி கைப்பையைச் சோதிக்கக் கை நீட்டினார். ஜிப்பில் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் போராடிவிட்டு, போம்மா தாயே என்று விட்டுவிட்டார்.

பெரியவள் பூட்டைக் கையில் வாங்கி, பல் செட்டைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்தாள்.

"பாட்டரி இல்லைங்கறே. அப்ப இது எதுல ஓடும்?"

"உன் வீம்புல."

"எனக்கு ஏதுடி வீம்பு? வீட்டுல இருந்ததை எல்லாம் நீ ஒருத்தியே எடுத்துக்கிட்டே. எனக்கு மிச்சம் வச்சியா?"

அது அவ்வளவு பொய்யும் அல்ல. பெரியவள் விரலை வைத்தால் பூட்டும், ஆனால் ஊசி முழுக்கப் போகாது. பகலில் பட்டறையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே அறையை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரண்டிகளை நினைத்தால் பூட்டு இறுகியது. பாவம் அவரும் என்ன செய்வார் என்று நினைத்தால் தளர்ந்தது. இரண்டு முறை, அவள் யாருக்கோ கடைவாய்ப் பல்லைப் பொருத்தும் மும்முரத்தில் இருந்தபோது, கதவு தானாகத் திறந்துகிடந்ததைக் கீழ்வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

புருஷன் மூன்றாம் வாரத்தில் முகவரியைக் கண்டுபிடித்தான். வீட்டுக்காரம்மாவை வணங்கினான், தான் யார் என்று சொன்னான், மாற்றுச்சாவியை வாங்கிக்கொண்டு மேலே வந்தான். வீட்டுப் பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. பூட்டைத் தொட்டுப் பார்த்தான். மோட்டார் சத்தம் கேட்பவன்போல அதன்மேல் காதை வைத்தான். பாட்டரி எங்கே என்று தேடினான். பாட்டரி இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அவள் உள்ளே இருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, தனக்குக் காய்ச்சல் என்றான். உள்ளே ஊசி ஒரு நூல் பின்வாங்கும் சத்தம் கேட்டது, எறும்பு காகிதத்தின் மேல் நடப்பதுபோல. அவன் முகம் தெளிந்தது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் மெக்கானிக்குக்கு அப்புறம் என்ன கஷ்டம்?

அதற்குப் பிறகு தினமும் வந்தான். வேலை முடிந்து நேராக வந்து, படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கதவோடு பேசிவிட்டுப் போவான். அவள் வைத்த செடி வாடிவிட்டது என்பான். அவளுடைய அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன், இளைத்துவிட்டார்கள் என்பான். தான் மாறிவிட்டதாகச் சொல்வான், கரண்டிகளை எண்ணுவதில்லை, எண்ணினாலும் மனதுக்குள்தான் எண்ணுகிறேன் என்று நேர்மையாகவே சொல்வான். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், இது அரிசி அளவு ஊசி. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நாள் பெரியவளுக்குப் போன் செய்து அழுதார்கள். ஊர் வாயை மூட எந்தப் பூட்டும் இல்லையே. தங்கை வந்து பார்க்கிறபோதெல்லாம் ஊசியின் நீளம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் கண்ணெதிரே அது நுனிக்கு வந்து, விழட்டுமா வேண்டாமா என்று நின்றது.

"அக்கா, என்ன நெனச்சிட்டிருக்கே நீ?"

"ஒண்ணும் இல்லடி. செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்கலாம்ல அவரு."

சின்னவள் அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். அக்கா குளிக்கப் போனபோது பூட்டிலிருந்து அவளுடைய விரலை அழித்துவிட்டுத் தன் விரலைப் பதிந்தாள். குளித்து வந்த அக்கா அவளை அனுப்பிவிட்டு உள்பக்கமாக மாட்டிக்கொண்டதும் பூட்டு பாறையாக இறுகியது. நிம்மதியாகத் தன் அறைக்குப் போய்த் தூங்கினாள். மறுநாள் காலை ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு முன்பற்கள் கொடுக்க வேண்டியிருந்த பெரியவள், எட்டு மணிக்கு விரலை வைத்தாள், திறக்கவில்லை. ஒன்பது மணிக்கும் திறக்கவில்லை. தங்கையின் போன் அணைந்து கிடந்தது. வேலை தேடி ஊரின் மறுகோடிக்குப் போயிருந்த தங்கை, சாயங்காலம் சாவகாசமாகப் படியேறி வந்து வெளியே நின்று, திறக்கட்டும் என்று நினைத்தபோது, மாப்பிள்ளை பல் இல்லாமலே மேடையேறி, வாயை மூடிக்கொண்டே சம்மதித்து முடித்திருந்தான்.

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை.

"அவரு என்னை வெளியில நின்னு பூட்டினாரு," என்றாள். "நீ எங்கயோ இருந்துகிட்டே பூட்டறே. அவருக்கு உன்னைவிட மூளை கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம்."

"உனக்காகத்தானேக்கா..."

"அவரும் அதையேதான் சொன்னாரு. இதே வாயி. இதே இழுவை." எழுந்து வந்து கையை நீட்டினாள். "குடு அதை. உன் விரலை எடு. எடுத்துட்டு வெளியில போ."

சின்னவள் பூட்டைக் கையில் எடுத்து, தன் விரலை அழித்தாள். அக்கா தன் பெருவிரலை வைத்து, சுண்ணச்சாந்தில் பல்லைப் பதிப்பதுபோல அழுத்தினாள். ஊசி முழுக்கப் போய் முட்டிய சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. சின்னவள் அப்போது வெளியே படிக்கட்டில் நின்றிருந்தாள், இரண்டு படி கீழே லிஃப்ட் மெக்கானிக் கைக்குட்டையை விரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சும்மா?" என்று அக்கறையாக விசாரித்தான்.

"உங்க வேலையைப் பாருங்க மாமா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு முகம் எரிந்தது.

அன்றிலிருந்து நாற்பது நாள் அவன் பேசிய எதுவும் உள்ளே போகவில்லை. காய்ச்சல் வந்தது, செடி செத்தது, அம்மா இளைத்தார்கள், ஊசி அசையவில்லை. பெரியவள் உள்ளே வானொலி கேட்டாள். ஒன்பது மாதம் படியில் பொறுத்திருந்த மனிதனுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமை போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கருவிப்பெட்டியோடும் வீட்டுக்காரம்மாவோடும் மேலே ஏறினான். கதவு வீட்டுக்காரம்மாவின் சொத்து. அதைக் கழற்றிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு, அவளே சொல்லிவிட்டாள். கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. மூன்று கீல், பன்னிரண்டு திருகாணி. ஒவ்வொன்றையும் கழற்றிக் கைக்குட்டையில் வரிசையாக வைத்தான், வேலையில் சுத்தம். சமாதானம் பேச வந்த சின்னவள் படியேறியபோது அவன் பதினோராவதைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவன் மரியாதையாக விடுவித்துக்கொண்டான். பன்னிரண்டாவதும் வந்தது. கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான்.

பூட்டு விழவில்லை. கதவு இருந்த இடத்தில், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றது. உள்ளே பெரியவள் மேசைமுன் உட்கார்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு பல் செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் எட்டடி தூரம், வெயில்.

"இப்ப என்ன சொல்றே?" என்றான் அவன், மெதுவாக, அன்பாகவே. "இப்ப நடுவுல என்ன இருக்கு?"

"பூட்டு இருக்கு. கண்ணு தெரியலையா?"

அவன் காலெடுத்து வைத்தான். கால் வாசற்படிக்கு மேலே வந்து நின்றுவிட்டது. மோதவும் இல்லை, வழுக்கவும் இல்லை. போவதற்கு அந்தப் பக்கம் இடமே இல்லாததுபோல நின்றது. தோளால் முயன்றான். தரையோடு படுத்துப் பூட்டுக்கு அடியில் நுழையப் பார்த்தான், சட்டையெல்லாம் தூசி. அவன் இல்லாமல் காற்று உள்ளே போனது, ஓர் ஈ போனது, வீட்டுக்காரம்மாவின் பூனை போய்க் கட்டிலில் ஏறிப் படுத்தது. கடைசியாகக் கையை வாசல்வரை நீட்டி, திறக்கும்படி கேட்டான். ஆறு வருடத்திலும் கேட்காத ஒரு சொல்லால், தயவுசெய்து என்று கேட்டான். சின்னவள் ஊசியைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள் பெரியவள். "போயிட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன். போங்க."

பிறகு அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தாள். அவன் திருகாணிகளைக் கைக்குட்டையோடு முடிந்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். அடுத்த ஞாயிறும் வந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான், அளவு நாடா கொண்டுவந்து வாசலை அளந்துகொண்டு போனான். எண்பது ஞாயிறு போல வந்திருப்பான். பிறகு வரவில்லை. எங்கே போனான் என்று யாரும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்காரம்மா ஒரு வாரம் கோபமாக இருந்தாள். வீடு என்னுடையது, என் வீட்டுக்குள் நான் நுழையமுடியாதா என்று இரண்டு முறை வேகமாக வந்து, இரண்டு முறையும் வாசற்படியில் நின்றாள். மூன்றாம் முறை, "ஏம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டாள். "வாங்கம்மா," என்றாள் பெரியவள். கால் போனது. அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டுக்கொண்டு வரப் பழகினார்கள். கழற்றிய கதவைக் கீழே குளியலறைக்கு மாட்டிவிட்டார்கள், திரும்பக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, பெரியவள் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சமாதானம் பேச வந்த பெரியப்பா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். வீட்டுக் கணக்கெடுக்க வந்தவர், கதவு இல்லை, பூட்டு ஒன்று என்று எழுதிக்கொண்டார். மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பவில்லை.

சின்னவளை அக்கா இரண்டு மாதம் வாசலில் நிறுத்தினாள். அவள் வாரம் தவறாமல் வந்து நின்று, கேட்டு, இல்லை என்று கேட்டுக்கொண்டு போனாள். அந்த இரண்டு மாதத்தில் சைக்கிள் கடை ஒன்றின் பின்னறையில் பட்டறை போட்டாள். பூட்டைப் பற்றி வாய்வழியாகக் கேட்டு ஆட்கள் வந்தார்கள்: விடுதியில் தங்கும் நர்ஸ், கூட்டுக்குடும்பத்தில் படிக்கிற மருமகள், மேசை டிராயரை யாரும் குடையக்கூடாது என்கிற ஒரு குமாஸ்தா. ஒரு கஞ்சன் வாங்கிப்போன பூட்டு இன்றுவரை ஒருமுறையும் தளர்ந்ததில்லை. ஓடவில்லை என்று சிலர் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவள் பிரித்துப் பார்க்காமலே, "நெஜமாவே வேண்டாம்னு நெனச்சீங்களா, இல்ல யாராவது வந்து தட்டினா நல்லாருக்கும்னு நெனச்சீங்களா?" என்று கேட்பாள். பாதிப்பேர் பூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய தொழிற்சாலை ஒரு கடிதம் போட்டது, எட்டு இலக்கத்தோடு ஆயிரம் செய்து தர முடியுமா என்று. முடியாது என்று அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினாள். அவர்கள் பாட்டரியும் எண்ணும் வைத்து ஒன்றைச் செய்து விற்கிறார்கள். நன்றாகவே விற்கிறது.

அந்த அறைக்கு வந்த ஏழாம் வருடம் பெரியவளுக்குப் பெரிய ஊர் ஒன்றில், பல் பட்டறைக்குத் தலைமை வேலை கிடைத்தது. வாசலில் நின்ற பூட்டைக் காய் பறிப்பதுபோல எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தங்கை வழியனுப்ப வந்தாள். ரயில் நிலையத்தில் பட்டப்பகல் கூட்டம். பெரியவள் ஒரு பெஞ்சைப் பிடித்து, பூட்டை எடுத்துப் பக்கத்தில் காற்றில் மாட்டிவிட்டு, கால் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். பெருக்கிக்கொண்டு வந்தவர் துடைப்பத்தைப் பெஞ்சைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். செய்தித்தாளோடு வந்த ஒரு பருத்த மனிதர் உட்காரப் பார்த்து, முடியாமல், "அம்மா, கொஞ்சம் நகத்திக்கிறீங்களா?" என்றார். பெரியவள் கண்ணைத் திறக்காமலே காலை மடக்கிக்கொண்டு, கையை நீட்டி, பூட்டை இரண்டு சாண் தள்ளி வைத்தாள். "போதுமா?" "தாராளம்மா." அவர் உட்கார்ந்து தாளை விரித்தார்.

தண்ணீர் வாங்கப்போன சின்னவள் திரும்பி வந்தபோது அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டிலை அவள் தலைமாட்டில் வைக்கலாம் என்று காலெடுத்தாள். கால் நின்றது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள், தான் செய்ததைச் சோதிக்கிறவளைப்போல. நின்றது.

"தூங்கறாங்க," என்றார் பருத்த மனிதர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுந்ததும் கேளுங்க."

ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். சின்னவள் பூட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்த பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தாள்.